களை எடுத்த படங்கள்

அந்தத் தெருவில் பத்து நிமிஷம் என்பது ஒரு மனுஷருடைய பேர். பெற்றவர்கள் வைத்த பேர் பேங்க் பாஸ்புக்கில் பத்திரமாக இருக்கிறது. வேறு யாரும் அதை எடுத்து உபயோகிப்பதில்லை. கேமராவை ஒரே இடத்தில் அசையாமல் நட்டுவைத்து, பத்து நிமிஷத்துக்கு ஒரு படமாக மாசக்கணக்கில் எடுத்து, சேர்ந்த படங்களை வரிசையாகக் கோத்து ஓடவிடுவது அவர் தொழில். டைம்லாப்ஸ் என்பார்கள். வெறும் மண்ணாகக் கிடந்த மனையில் மாடி மேல் மாடி எழும்பி, பெயின்ட் அடித்து, ஜன்னலில் திரை தொங்குகிற வரைக்கும் அரை நிமிஷத்தில் முடிந்துவிடும். பார்க்கிறவர்கள் வாயைப் பிளப்பார்கள். அவர் மனைவி மட்டும் பிளக்க மாட்டார். ஒரு வருஷத்தை அரை நிமிஷத்தில் முடிக்கிற ஆள், பால் வாங்கப் போனால் மட்டும் அரை நாள் ஆக்குகிறார் என்பது அந்தம்மாவின் புகார்.

ஆரம்பத்தில் அவரும் எல்லோரையும்போலக் கல்யாண வீடுகளில் படம் எடுத்தவர்தான். மனுஷர்களோடு அவருக்கு ஒத்துவரவில்லை. இந்தப் பக்கம் திரும்பு என்றால் அந்தப் பக்கம் திரும்புகிறார்கள், சிரி என்றால் பல்லைக் கடிக்கிறார்கள், சும்மா இரு என்றால்தான் சிரிக்கிறார்கள். வெறுத்துப்போய் ஒரு கல்யாணத்தில் கேமராவைச் சாப்பாட்டுக் கூடத்து மூலையில் ஸ்டாண்டில் நிறுத்தி, அது பாட்டுக்கு எடுக்கட்டும் என்று விட்டுவிட்டார். படங்களைக் கோத்து ஓட்டிப் பார்த்தபோது மாப்பிள்ளையின் சித்தப்பா ஒரு பந்தி விடாமல் உட்கார்ந்து சாப்பிட்டது தெரிந்தது. ஆட்கள் மாறினார்கள், தட்டுகள் மாறின, சித்தப்பா மாறவில்லை. வீட்டார் அதைப் போட்டுப் போட்டுச் சிரித்தார்கள். சித்தப்பா நேரே ஸ்டூடியோவுக்குப் போய் முதலாளியிடம் சண்டை பிடித்தார். அன்றோடு நம்மவருக்கு வேலை போயிற்று, தொழில் கிடைத்தது.

அதற்குப் பிறகு அவர் நகராத சாமான்களின் பக்கம் வந்துவிட்டார். கட்டிடம், மரம், ரொட்டிக் கடையில் உப்புகிற மாவு, நாற்றுப் பண்ணையில் விரிகிற பூ. இவை எதுவும் என் மூக்கு பெரிதாக விழுந்திருக்கிறது என்று திரும்பி வராது. ஆனால் இதிலும் ஒரு தொல்லை உண்டு. நடுவில் ஆள் புகுந்துவிட்டால், ஓட்டும்போது அந்த ஆள் ஈ மாதிரிப் பளிச்சென்று தெரிந்து மறைவான். பார்க்கிறவர் கண் கட்டிடத்தை விட்டு ஈயின் பின்னால் போய்விடும். ஆகையால் ஆள் விழுந்த படங்களையெல்லாம் பொறுக்கி ஒதுக்குவார். களை எடுப்பது என்று அதற்குப் பேர். கம்ப்யூட்டரிலும் களை என்றே ஒரு ஃபோல்டர் வைத்திருந்தார். முதலில் பிடுங்குகிற களை அவரேதான். தினமும் லென்ஸைத் துடைக்கவும் பேட்டரி மாற்றவும் போகிறவர் படத்தில் விழாமல் எப்படி இருப்பார்? சின்னச் சின்னதாக வரிசை கட்டி நிற்கிற படங்களில் தன் நீலச் சட்டை தெரிந்தால் போதும், இன்னது என்று பார்க்காமலே தட்டித் தள்ளிவிடுவார். தன் மூஞ்சியைப் பார்ப்பதில் அவருக்கு என்றைக்குமே ஆர்வம் இருந்ததில்லை.

குடியிருந்த வீடு மாமனார் கட்டியது. அவர் காலத்துக்குப் பிறகு நடுவில் சுவர் வைத்து, ஒரு பாதி மகனுக்கும் ஒரு பாதி மகளுக்கும் ஆயிற்று. மகன் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். தெருவுக்கு இன்னமும் கண்டக்டர்தான். மகள் நம்ம பத்து நிமிஷத்தின் மனைவி. தெருவுக்கு அந்தம்மா, அண்ணனுக்கு மட்டும் பாப்பா. பாப்பாவுக்கு ஐம்பது தாண்டிவிட்டது என்று கண்டக்டரிடம் எடுத்துச் சொல்ல யாருக்கும் தைரியம் இல்லை. சுவர் எழுப்பும்போது அண்ணனும் தங்கையும் கொத்தனாரை உண்டு இல்லை என்று பண்ணி, இரண்டு சமையலறைகளுக்கும் நடுவில் ஒரு கதவு வைக்கச் சொன்னார்கள். வைத்த நாளிலிருந்து அந்த நடுக்கதவைச் சாத்தினதே கிடையாது. அதன் வழியாகக் கரண்டி போகும், கிண்ணம் வரும், தலைவலி மாத்திரை போகும், ஊர்வம்பு வரும். அந்தம்மாவின் நாள் அந்தக் கதவில் ஆரம்பித்து அந்தக் கதவிலேயே முடியும்.

மொட்டைமாடியில் சுவர் வைக்கவில்லை. தரையில் ஒரு கோடு மட்டும். கோட்டின் மேல் கண்டக்டரின் செடித் தொட்டிகள் இருந்தன, தக்காளியும் மிளகாயுமாக. இடுப்பு வலிக்காரர் என்பதால் தொட்டிகளை நீளமான ஒரு பலகையில் ஏற்றி, பலகைக்கு அடியில் சக்கரம் போட்டு, மறக்காமல் சக்கரத்துக்கு எண்ணெயும் விடுவார். சுண்டுவிரலால் தொட்டாலே உருளும்.

எதிர்ச்சாரியில் பெரிய கட்டிடம் ஒன்று வரப்போகிறது, அதை ஆரம்பத்திலிருந்து படம் எடுக்கவேண்டும் என்று கட்டிடக் கம்பெனி இன்ஜினியர் வந்து கேட்டபோது நம்மவருக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டை விட்டு இறங்காமல் ஒரு வேலை. ஆனால் மாடியில் கண்டக்டர் பக்கத்துப் படிக்கட்டு அறைச் சுவரிலிருந்து பார்த்தால்தான் அந்த மனை முழுசாகத் தெரிந்தது. என் சுவர் உன் சுவர் என்று என்ன இருக்கிறது, ஆணி அடித்துக்கொள் என்று கண்டக்டர் தானே சுத்தியல் கொண்டுவந்து கொடுத்தார். சுவரில் உயரமாகக் கேமரா, அதன் அடியில் தரையில் பேட்டரிப் பெட்டி, பெட்டிக்கு முன்னால் ஓர் ஆள் நிற்கிற இடம், அப்புறம் தொட்டிப் பலகை. அதற்கு அப்பால் தங்கை பக்கத்து மாடி, அதையும் தாண்டித் தெரு, தெருவுக்கு அந்தப் பக்கம் கட்டிடம். படத்தின் அடியில் மாடித்தரை கொஞ்சம் விழும். இன்ஜினியருக்குக் கொடுக்கும்போது அதை வெட்டிவிடுவார்.

தூண்கள் எழும்பி முதல் தளம் போட்ட சமயம், வெளிச்சம் ஒரே சீராக இருக்கிறதா என்று பார்ப்பதற்காக வெட்டாத படங்களை அப்படியே ஓட்டினார். கட்டிடம் வளர்ந்தது. படத்தின் அடியில் வேறு ஒன்று நடந்தது. தொட்டிப் பலகை ஆள் அரவமே இல்லாமல் தன்னால் கோட்டைத் தாண்டி இந்தப் பக்கம் வந்துகொண்டிருந்தது. கொஞ்சம் வந்து, நின்று, சற்றே பின்வாங்கி, மறுபடி முன்னேறி, நிறுத்தத்துக்கு நிறுத்தம் ஆளை ஏற்றி இறக்கிப் போகிற பஸ் மாதிரியே வந்தது. நேரில் பார்த்தால் நாளைக்கு ஒரு விரற்கடைகூட இருக்காது. அதனால்தான் ஒருவர் கண்ணிலும் படவில்லை. சேர்த்துப் பார்த்தால் மாடியில் ஒரு கட்டில் போடுகிற இடம் போயிருந்தது.

அவருக்கு ரத்தம் தலைக்கேறியது. துணி காயப்போட இடம் பத்தவில்லை என்று கண்டக்டரின் மனைவி எப்போதோ பேச்சுவாக்கில் சொன்னது வேறு இப்போது ஞாபகம் வந்து தொலைத்தது. ஞாயிற்றுக்கிழமை இரண்டு குடும்பமும் டீயோடு உட்கார்ந்திருந்தபோது, கட்டிடம் எப்படி வந்திருக்கிறது பாருங்கள் என்று சாதுவாகச் சொல்லி டிவியில் போட்டார். கட்டிடத்தை யாரும் பார்க்கவில்லை.

"நான் நகத்தல மாப்ள" என்றார் கண்டக்டர்.

"படம் பொய் சொல்லாது மச்சான்."

"அப்ப நான் சொல்றேனா?"

இந்த இடத்திலாவது அவர் வாயை மூடிக்கொண்டு டிவியை அணைத்திருக்கலாம். வாயை மூடிக்கொண்டார், ஆனால் படத்தை மறுபடி முதலிலிருந்து ஓடவிட்டார். கண்டக்டர் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார், அவர் மனைவியும் பின்னாலேயே போனார். அந்தம்மா டம்ளர்களை எடுத்துவைத்தார். பிறகு உள்ளே போய், பழைய பெட்டியில் தொங்கிக்கொண்டிருந்த பூட்டைக் கழற்றிவந்து, நடுக்கதவைச் சாத்திப் பூட்டினார்.

முதலில் நம்மவருக்குப் பெருமை பிடிபடவில்லை. பெண்டாட்டி என்றால் இப்படி இருக்கவேண்டும், கூடப் பிறந்தவன் என்றும் பார்க்காமல் நியாயத்தின் பக்கம் நின்றாள் என்று தனக்குத்தானே மெச்சிக்கொண்டார். அந்தப் பெருமை சீக்கிரமே கரைந்தது. வீட்டில் சத்தமே இல்லாமல் போயிற்று. அந்தம்மா ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை, முகத்தைக்கூடச் சுளிக்கவில்லை. சமைத்துக்கொண்டிருக்கும்போது கையில் ஏதாவது கிண்ணத்தை எடுத்துக்கொண்டு பழக்கத்தில் நடுக்கதவு வரைக்கும் போவார், பூட்டைப் பார்த்துத் திரும்புவார். அதைப் பார்க்கும்போதெல்லாம் இவர் தலையைத் திருப்பிக்கொள்வார். இருந்தாலும் என்ன செய்வது, இடத்தை அபகரித்தது நானா என்று கேட்டுக்கொண்டு பேட்டரி மாற்ற மாடிக்குப் போய்விடுவார்.

சண்டைக்கு மறுநாளே கண்டக்டர் பலகையைக் கோட்டுக்கு நன்றாக உள்ளே, சுவரை ஒட்டினாற்போல இழுத்து வைத்துவிட்டார். சரி, திருந்திவிட்டார் என்று இவர் நினைத்தார். இரண்டாம் தளம் முடிந்ததும் மறுபடி ஓட்டிப் பார்த்தால் பஸ் மறுபடி புறப்பட்டிருந்தது, முன்னைவிட வேகமாக. இந்தத் தடவை கையும் களவுமாகப் பிடித்தே தீருவது என்று தீர்மானித்தார். பலகை தானாக நகராது. நகர்த்தின கை ஏதாவது ஒரு படத்தில் விழுந்துதான் இருக்கும். ஆள் விழுந்த படங்களெல்லாம் களை ஃபோல்டரில் பத்திரமாக இருக்கின்றன. அந்தம்மா கடைக்குப் போயிருந்த ஒரு மத்தியானம், அதைத் திறந்து முதல் படத்தைப் பெரிதாக்கினார்.

நீலச் சட்டை. மேலிருந்து எடுத்ததால் அவருடைய உச்சந்தலை முன்னால் தெரிந்தது. வழுக்கை இவ்வளவு தூரம் வந்துவிட்டதா என்று கொஞ்ச நேரம் அதிலேயே நின்றார். அப்புறம்தான் பின்னால் பார்த்தார். பேட்டரிப் பெட்டிக்கு முன்னால் குனிந்திருக்கிறார். குனிந்தவரின் பின்புறம் பலகையில் முட்டிக்கொண்டிருக்கிறது. அடுத்த படத்திலும் அதே குனிவு, அதே முட்டல். பலகைக்கும் சுவருக்கும் நடுவில் ஓர் ஆள் நிற்கத்தான் இடம், குனிய இடம் ஏது? இல்லாத இடத்தை உண்டாக்கிக்கொள்ளத்தானே வேண்டும்.

எல்லாவற்றையும் கோத்து ஓட்டினார். ஒரு பெரிய பின்புறம் நாள் தவறாமல் வந்து, எண்ணெய் போட்ட சக்கரத்தை ஒரு தள்ளு தள்ளிவிட்டுப் போயிற்று. நடுநடுவே காலை வெளிச்சத்தில் கண்டக்டர் வந்தார். ஒரு கையை இடுப்பில் கொடுத்துக்கொண்டு, மறு கையால் பலகையைத் தன் பக்கம் இழுத்துவிட்டு, செடிக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டுப் போனார். திருடன் என்று இவர் நினைத்த மனுஷர், இவர் தள்ளினதையெல்லாம் வலிக்கிற இடுப்போடு திரும்ப இழுத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

அவர் முகத்தில் ஈயாடவில்லை. ஒரு தட்டு தட்டினால் ஃபோல்டர் காலி. விரல் அங்கே போயிற்று, அதை மறைப்பானேன். மாடித்தரையைத் தண்ணீர் ஓட வாட்டமாகப் போட்டிருக்கிறார்கள், அதில் உருண்டுவிட்டது என்று சொல்லிச் சமாளிக்கலாம். கொத்தனார் போய்ச் சேர்ந்தாயிற்று, எழுந்துவந்து மறுக்கப்போவதில்லை. இப்படியெல்லாம் பூசி மெழுக வழி தேடிக்கொண்டிருந்தபோது, படம் பாட்டுக்கு ஓடி, சண்டைக்குப் பிந்தின நாட்களுக்கு வந்திருந்தது.

அதில் கண்டக்டர் கையில் ஒரு பையோடு வந்தார். கோட்டைத் தாண்டி, தங்கை பக்கத்துக் கைப்பிடிச் சுவரில் பையை வைத்துவிட்டு, பூனை மாதிரிப் போனார். மறுநாளும் வந்தார், அதற்கு மறுநாளும் வந்தார். இதைப் பார்த்த நம்மவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். நல்ல படங்கள் இருந்த ஃபோல்டரைத் திறந்து, அந்தந்த நேரத்துப் படங்களைத் தேடினார். ஒரு படத்தில் சுவர் மேல் பை இருக்கிறது. அடுத்த படத்தில் பை இல்லை, அதே இடத்தில் மூடின கிண்ணம் ஒன்று இருக்கிறது. அதற்கடுத்ததில் கிண்ணமும் இல்லை. கிண்ணம் அவருக்கு நன்றாகத் தெரிந்த கிண்ணம். அவர் வீட்டு அலமாரியில் மேல் தட்டில் இருப்பது.

தேடிப் பார்த்தார். ஒரு படத்தில்கூட அந்தம்மா இல்லை. நல்ல படத்திலும் இல்லை, களையிலும் இல்லை. கேமராவை மாட்டின முதல் நாளே, துணி எடுக்க வந்தால் படத்தில் விழாதே என்று அவர்தான் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். சொன்னதைக் கேட்கிறாளே என்று சந்தோஷப்பட்டதோடு சரி, எப்படிக் கேட்கிறாள் என்று யோசித்ததில்லை. கேமரா படம் எடுக்கும்போது டிக்கென்று ஒரு சத்தம் வரும். தங்கள் பக்கத்துப் படிக்கட்டு வாசலில் நின்று அந்த டிக் கேட்டதும் வெளியே வந்து, காரியத்தை முடித்து, அடுத்த டிக்குக்குள் உள்ளே போய்விட அந்த ஊரிலேயே ஒருத்தரால்தான் முடியும். பூட்டுப் போட்ட கதவுக்குப் பதிலாக அண்ணனும் தங்கையும் மாடி வழியாகக் குடும்பம் நடத்திக்கொண்டிருந்திருக்கிறார்கள். போன வாரம்கூட, உங்கண்ணன் தக்காளிக்கு இந்தக் கடைத் தக்காளி எவ்வளவோ தேவலை என்று இவர் சப்புக்கொட்டிச் சாப்பிட்டபோது, அந்தம்மா ஒன்றும் சொல்லாமல் இன்னும் இரண்டு கரண்டி ஊற்றியிருந்தார்.

அவருக்குச் சிரிப்பும் வந்தது, வெட்கமும் பிடுங்கித் தின்றது. கம்ப்யூட்டரை அணைக்காமல் வாசலில் போய் நின்றுகொண்டு அந்தம்மா வருகிறாரா என்று தெருவைப் பார்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. கதவைத் திறந்து மச்சானைக் கூப்பிடு, பலகையை நகர்த்தின ஆள் கிடைத்துவிட்டான் என்றார். அந்தம்மா அவரை ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்தார். சாவியை எங்கே வைத்தோம் என்று தேடவில்லை. அது கையிலேயே இருந்தது போல எடுத்துத் திறந்தார். கண்டக்டர் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்து, கதவோரமாக நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். அவர் மனைவி உட்காரவே இல்லை. நம்மவர் களைப் படத்தை டிவியில் போட்டுவிட்டு, சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். பையும் கிண்ணமும் வருகிற இடத்தை மட்டும் வெட்டியிருந்தார். தன்னைக் காட்டிக்கொடுக்கலாம், மச்சானை எதற்கு.

டிவியில் பின்புறம் வந்தது, தள்ளியது, போயிற்று. மறுபடி வந்தது, தள்ளியது, போயிற்று.  கண்டக்டரின் மனைவிதான் முதலில் வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைப் பக்கம் ஓடினார். கண்டக்டர் அசையாமல் பார்த்தார்.

"இன்னொரு தடவ போடு" என்றார்.

போட்டார். இன்னொரு தடவை என்றார் மறுபடி. மூன்றாம் தடவை ஓடும்போது, பின்புறம் பலகையைத் தொடுகிற ஒவ்வொரு நேரத்துக்கும் கண்டக்டர் மெதுவாக "ரைட்... ரைட்..." என்று சொல்ல ஆரம்பித்தார். அந்தம்மா கண்ணில் நீர் வர, தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"தப்பு என்னுதுதான் மச்சான்" என்றார் பத்து நிமிஷம், சுவரைப் பார்த்தபடியே.

"தெரியுதே, எவ்வளவு பெருசுன்னு" என்றார் கண்டக்டர். அதற்குமேல் அவராலும் முடியவில்லை. இரண்டு சமையலறைகளிலும் சிரிப்பு அடங்க வெகுநேரம் பிடித்தது.

அவர்கள் போன பிறகு அந்தம்மா டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தார். நம்மவர் போய்ப் பக்கத்தில் நின்றார். தக்காளி நன்றாக இருந்தது என்றார். 

"நான் எதுலயும் விழலையே" என்றார் அந்தம்மா.

"அதனாலதான் நீன்னு தெரிஞ்சுது."

அந்தம்மா சிரித்துக்கொண்டே அடுத்த டம்ளரை எடுத்தார். இவருக்குச் சிரிப்பு வரவில்லை. மனசுக்குள் கிடந்து அறுத்துக்கொண்டிருந்ததைக் கேட்டார். அண்ணன் நகர்த்தவில்லை என்று அப்போதே தெரியுமா?

"படிக்கட்டு வாசல்ல நின்னு டிக்குக்காகக் காத்துட்டிருக்கறவளுக்கு நீங்க குனியறது தெரியாதா? எத்தன நாள் பாத்திருக்கேன்."

"அப்ப ஏன் சொல்லல? கதவ வேற எதுக்குப் பூட்டின?"

அந்தம்மா குழாயை மூடினார். "எல்லார் முன்னாடியும் படம் பொய் சொல்லாதுன்னு சொல்லிட்டீங்க. அப்புறம் நான் கதவத் தொறந்து வச்சிருந்தா, கட்டினவளே உங்கள நம்பலன்னு ஆயிருக்கும். நீங்களாப் பாத்து, நீங்களாச் சொல்லணும்னு இருந்தேன்."

"நான் பாக்காமலே போயிருந்தா?"

"பூட்டு இருந்திருக்கும்" என்றார் அந்தம்மா. கோபமாகச் சொல்லவில்லை, நாளைக்குப் பால் வேண்டும் என்கிற மாதிரிதான் சொன்னார். சொல்லிவிட்டு ஈரக் கையைத் துடைத்துக்கொண்டார்.

 நம்மவர் நடுக்கதவில் தொங்கிக்கொண்டிருந்த பூட்டையும் சாவியையும் எடுத்துக்கொண்டு அந்தப் பக்கத்துச் சமையலறைக்குப் போனார். அங்கே கண்டக்டர் மிளகாய் ஆய்ந்துகொண்டிருந்தார். இதை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள் மச்சான், எங்கள் வீட்டில் இருக்கவேண்டாம் என்று நீட்டினார். கண்டக்டர் என்ன ஏது என்று கேட்காமல் அதை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, உட்கார இடம் விட்டு நகர்ந்தார்.